தாலப் பருவத்துக்கு முன்னே



பச்சிளங் குழந்தையை உறங்கவைப்பது பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டபோது, விலாசம் மாறி வந்த கடிதமோ என்றே முதலில் எண்ணினேன். நான் மருத்துவன் அல்லன். 34 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் வகுப்பில் உறங்கிய பிள்ளைகள் பலர் உண்டு. ஆயினும் அவர்களை உறங்கவைப்பதற்கென்று நான் தனி முயற்சி எதுவும் எடுத்துக்கொண்டதில்லை.

என் வகுப்புகளில் பிள்ளைத்தமிழும் ஒரு பாடம். பாட்டுடைத் தலைவனையோ தலைவியையோ குழந்தையாகப் பாவித்துப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடுவது அந்தப் பிரபந்தம். மூன்றாம் திங்களில் காப்புப் பருவம். ஐந்தாம் திங்களில் செங்கீரைப் பருவம். ஏழாம் திங்களில் தாலப் பருவம். தால் என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் அது தாலாட்டு ஆயிற்று என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு வினா மட்டும் எனக்கு அக்காலத்தில் தோன்றவே இல்லை. குழந்தை பிறந்தது முதல் மூன்றாம் திங்கள் வரையில் புலவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை? அந்த இரண்டு மாதங்களுக்கு ஏன் ஒரு பருவமும் இல்லை? காரணம் எனக்கு 2023ஆம் ஆண்டில் விளங்கிற்று. அக்காலத்தில் வீட்டில் இருப்பவர் எவருக்கும் பாட்டு எழுதும் நிலை இராது!

அவ்வாண்டு என் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஆண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையிலிருந்து அவர்கள் வீடு திரும்புவதற்கு மூன்று நாள் முன்னதாக என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்ட கையால் குழந்தையைத் தூக்க முடியாது. மருமகனுக்கோ வெளியூரில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். ஆகவே இரவுக் காவல் என் தலையில் விழுந்தது. ‘இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவன் நான்; இதிலென்ன சிரமம்?’ என்று சொல்லிக்கொண்டேன். நம் பிள்ளைகள் இரவில் நன்றாக உறங்கினார்கள் என்பது என் திடமான நம்பிக்கை. நான் நன்றாக உறங்கினேன் என்பது ஒன்றே அதற்கு ஆதாரம்.

முதல் வாரத்திலேயே ஒரு புதிர் எதிர்ப்பட்டது. பழைய பழக்கத்தால் வருகைப் பதிவேடு போல ஒரு குறிப்பேட்டில் பேரன் உறங்கிய நேரங்களை எழுதி வந்தேன். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளில் 16 மணி நேரம் உறங்கியிருக்கிறான். அப்படியானால் நாங்கள் ஏன் உறங்கவே இல்லை? குழந்தை மருத்துவரான அம்மையார் அந்தக் கணக்கைப் பார்த்துச் சிரித்தார். பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் வரை உறங்குவது இயல்பே. அந்த உறக்கம் இரண்டு மணி, மூன்று மணி என்று துண்டு துண்டாக வருவதும் இயல்பே. சின்னஞ்சிறு வயிற்றில் சிறிதளவு பால்தான் தங்கும். அது செரித்தவுடன் பசி எழுப்பிவிடும். தாயின் கருவறையில் பகலும் இல்லை, இரவும் இல்லை. பகலையும் இரவையும் பிரித்தறியும் கடிகாரம் குழந்தையின் உடலில் ஓடத் தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரையில் குழந்தைக்கு நள்ளிரவும் ஒன்றுதான், நண்பகலும் ஒன்றுதான்.

அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க நம்மால் ஆகக் கூடியது கொஞ்சம் உண்டு. பகலில் குழந்தை இருக்கும் அறையில் வெளிச்சம் வரட்டும். வீட்டு ஓசைகள் வழக்கம்போல இருக்கட்டும். இரவில் விளக்கைத் தணித்து, பேச்சைக் குறைத்து, பால் கொடுத்து, வேண்டுமானால் துணி மாற்றி, வேடிக்கை எதுவும் காட்டாமல் படுக்க வைக்க வேண்டும். நாங்களோ நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தோம். பகலெல்லாம் சன்னலைச் சாத்தி, கால்விரலால் நடந்தோம். இரவு 2 மணிக்கு அவன் கண் விழித்தால் எல்லா விளக்குகளையும் ஏற்றி, கிலுகிலுப்பையை ஆட்டி, ‘ராஜா முழித்துக்கொண்டாரா?’ என்று தர்பார் நடத்தினோம். தாய்ப்பாலுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்னும் சுரப்பு இரவில் சுரக்கும் பாலில் மிகுதியாக இருக்கிறது. கடிகாரமில்லாத பிள்ளைக்குத் தாய் தன் இரவைப் பாலிலே கலந்து கொடுக்கிறாள்.

நான் செய்த இரண்டாவது பிழை மிகையான சுறுசுறுப்பு. பேரன் உறக்கத்தில் முகம் சுளிப்பான், முனகுவான், கைகால்களை உதைப்பான். சில சமயம் கண் கூடப் பாதி திறந்திருக்கும். விழித்துவிட்டான் என்று நான் வாரி எடுப்பேன். அப்போதுதான் உண்மையாகவே விழித்து, வீடு அதிர அழுவான். 1953ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குகிறவரின் மூடிய இமைக்குள்ளே விழிகள் விரைந்து அசையும் ஒருவகை உறக்கம் உண்டென்று கண்டு எழுதினார்கள். பெரியவர்களின் உறக்கத்தில் அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பிறந்த குழந்தைக்கோ கிட்டத்தட்டப் பாதி உறக்கம் இந்த அசைவு உறக்கந்தான். ஆகவே முனகலைக் கேட்டவுடன் பாயாமல் சில கணங்கள் பொறுத்துப் பார்க்க வேண்டும். பாதி வேளைகளில் குழந்தை தானே அடுத்த உறக்கத்துக்குள் நழுவிவிடும். பசி அழுகையானால் அது தன்னை அறிவித்துக்கொள்ளாமல் போகாது.

மூன்றாவது சிரமம் படுக்கையில் விடுவது. தோளில் உறங்கிய பிள்ளை, விரிப்பில் முதுகு பட்டதும் இரு கைகளையும் விரித்துத் திடுக்கிட்டு விழித்துக்கொள்வான். இந்தத் திடுக்கீட்டை ஹைடல்பர்க் நகரில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் மோரோ என்னும் மருத்துவர் 1918இல் விவரித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. ஐந்தாறு முறை நான் தோற்ற பிறகு, மாவுக்கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்த என் மனைவி சொன்னாள்: “தூங்கிவிட்டான் என்று உடனே கீழே விடாதீர்கள். கொஞ்சம் நடந்து கொடுங்கள். பிறகு சும்மா உட்காருங்கள். அவன் கை துவண்டு தொங்கட்டும். அப்புறம் படுக்க வையுங்கள்.”

அவள் எந்தச் சஞ்சிகையையும் படித்து அதைச் சொல்லவில்லை. ஜப்பான் நாட்டு ரிக்கென் ஆய்வு நிறுவனத்தார் 2022இல் வெளியிட்ட ஆராய்ச்சி கிட்டத்தட்ட அதையே கூறுகிறது. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் சீராக நடந்தால் அழுகை அடங்கி, பல குழந்தைகள் உறங்கிவிடுகின்றன. உறங்கிய பின்னும் ஐந்து முதல் எட்டு நிமிடம் வரை மடியில் வைத்திருந்து பிறகு படுக்க வைத்தால் விழிப்பது குறைகிறது. தாயின் உடலிலிருந்து பிரியத் தொடங்கும் கணத்திலேயே குழந்தையின் நெஞ்சத் துடிப்பு மாறுவதை அவர்கள் கருவிகொண்டு அளந்து பார்த்தார்கள். என் மனைவி துவண்ட கையைக் கொண்டு அளந்தாள்.

நடக்கும்போது பாட்டும் வேண்டுமல்லவா? தாயின் குரலைக் குழந்தை கருவிலேயே கேட்டுப் பழகியிருக்கிறது. பிறந்த சில நாட்களுக்குள் மற்றவர் குரலைவிடத் தாயின் குரலையே விரும்புகிறது என்பதை டெகாஸ்பர், ஃபைஃபர் என்னும் அறிஞர்கள் 1980இல் நிறுவினார்கள். என் குரலோ அவனுக்கு அந்நியம். மேலும், தாலாட்டின் இலக்கணம் தெரிந்த எனக்குத் தாலாட்டு ஒன்றுகூட முழுமையாகத் தெரியவில்லை. வேறு வழியின்றி நன்னூல் சூத்திரங்களை மெல்லிய குரலில் ஒப்பித்துக்கொண்டு கூடத்தில் நடந்தேன். வகுப்பறையில் கண்ட பலனை அங்கும் கண்டேன்.

இனி, அக்கம்பக்கத்தார் அன்போடு கொண்டுவந்த வைத்தியங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் வசம்பைச் சுட்டு உரைத்து நாவில் தடவச் சொன்னார். அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் உண்டென்று நானும் எடுத்துரைத்தேன். ஒருவர் தேன் கொண்டுவந்தார். ஒருவர் சாம்பிராணிப் புகை போட்டால் அயர்ந்து தூங்கும் என்றார். தலை உருண்டையாக அமையக் கடுகு அடைத்த தலையணை ஒன்றும் வந்து சேர்ந்தது. மருத்துவ அம்மையார் ஒவ்வொன்றாக விலக்கினார். ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டாம். வசம்பிலுள்ள ஆசரோன் என்னும் பொருள் பிஞ்சு உடலுக்குக் கேடு செய்யக் கூடும். தேனில் இருக்கக் கூடிய ஒருவகை நுண்ணுயிர், ஒரு வயது நிரம்பாத குழந்தையின் தசைகளை முடக்கும் நோயைத் தரவல்லது. புகை எதுவாயினும் அந்தச் சின்ன நுரையீரலுக்கு ஆகாது. தலையணை மூச்சை அடைக்கும்.

அவர் மிகவும் வற்புறுத்தியது ஒன்று. குழந்தையை எப்போதும் மல்லாக்கவே படுக்க வைக்க வேண்டும். குப்புறவும் கூடாது, ஒருக்களித்தும் கூடாது. பிரிட்டனில் 1991லும் அமெரிக்காவில் 1994லும் இதற்கென்றே பெரும் பிரசாரம் நடந்தது. அதன் பின்னர் அந்நாடுகளில் உறக்கத்தில் திடீரென்று இறக்கும் சிசுக்களின் தொகை பாதியளவுக்கும் அதற்குக் கீழும் குறைந்தது. படுக்கை கெட்டியாகவும் சமமாகவும் இருக்கட்டும். அதில் தலையணை, தளர்ந்த போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். தாய் இருக்கும் அறையிலேயே, அவள் கைக்கெட்டும் தூரத்தில், தனிப் படுக்கை நல்லது. நம் தூளியைப் பற்றியும் கேட்டேன். “விழித்திருப்பவர் ஒருவரின் கண்ணெதிரே சற்று நேரம் இருக்கலாம். ஆனால் துணியில் குழந்தை சுருண்டு மோவாய் மார்பில் அழுந்தினால் மூச்சுத் தடைப்படும். நெடுநேர உறக்கத்துக்குச் சமதளமே சிறந்தது,” என்றார். சாய்வு நாற்காலியில் பேரனை மார்பில் கிடத்தியபடியே நான் ஓரிரவு கண்ணயர்ந்துவிட்டதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. நாற்காலியின் இடுக்கிலோ உங்கள் உடலுக்கடியிலோ குழந்தை நழுவியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. தூக்கம் வருவதாகத் தோன்றினால் உடனே குழந்தையைப் படுக்கையில் கிடத்திவிட வேண்டும் என்னும் பாடத்தை அன்று கற்றேன்.

இவ்வளவும் கற்றபின் எல்லாம் நேராகிவிடும் என்று நம்பியிருந்தோம். ஆனால் ஆறாவது வாரம் வந்தது. மாலை 6 மணிக்கு அழுகை தொடங்கும். 9 மணியானாலும் ஓயாது. பால் வேண்டாம், நடை வேண்டாம், நன்னூலும் வேண்டாம். நோய் ஏதேனும் இருக்குமோ என்று மருத்துவரிடம் ஓடினோம். சோதித்துப் பார்த்து, குழந்தை நலமாயிருக்கிறான் என்றார். பிரேசல்டன் என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மாரைக் குறித்துவைக்கச் செய்து 1962இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆறாவது வாரத்தில் அழுகை நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் என உச்சத்தை எட்டுகிறது. பன்னிரண்டாம் வாரத்துக்குள் ஒரு மணிக்கும் கீழாகத் தானே தணிகிறது. “இது ஒரு மலை. நீங்கள் இப்போது உச்சியில் நிற்கிறீர்கள்,” என்றார் அம்மையார். காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, மூச்சுத் திணறினாலோ ஒரு நாழிகையும் தாமதிக்காமல் வரவேண்டும் என்றும் எச்சரித்தார்.

அந்த வாரத்தில் ஓரிரவு. மணி இரண்டு இருக்கும். நான் கூடத்தில் கண்ணயர்ந்திருந்தேன். அழுகை கேட்டு அறைக்குள் சென்றபோது என் மகள் கட்டிலின் ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் எதிரே வீறிட்டுக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், “அப்பா, இவனை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். இன்னும் கொஞ்ச நேரம் இங்கே இருந்தால் இவனை என்ன செய்துவிடுவேனோ தெரியவில்லை,” என்றாள். குரலில் அழுகைகூட இல்லை.

குழந்தையை எடுத்துக்கொண்டேன். “காலையில் 6 மணி வரை உன்னை எழுப்பமாட்டேன் அம்மா. பிழிந்து வைத்த பால் இருக்கிறது. நீ தூங்கு,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அன்றிரவு அவன் மேலும் ஒரு மணி நேரம் அழுதான். அவள் நான்கு மணி நேரம் தொடர்ந்து உறங்கினாள். ஆறு வாரங்களில் அதுவே முதல் முறை.

மறுநாள் அவளை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றேன். அவர் என் மகளிடம், “சொன்னது நல்லதாயிற்று அம்மா,” என்றுதான் முதலில் கூறினார். பொறுமை கடந்த கணத்தில் குழந்தையைக் குலுக்கிவிட்டால் மூளைக்குள் இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்ட நேரத்தில் குழந்தையைப் படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, அறையை விட்டுச் சில நிமிடம் வெளியே வந்துவிடுவதில் குற்றம் ஒன்றும் இல்லை. அழுவதால் குழந்தைக்குத் தீங்கு வந்துவிடாது. பிள்ளை பெற்ற பெண்களில் உலகளவில் நூற்றுக்கு 13 பேர் மனச்சோர்வு போன்ற மனநோய்க்கு ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது திமிரும் அன்று, தாய்மையின் குறையும் அன்று. சிகிச்சையால் குணமாகும் நோய். என் மகளுக்கும் ஆலோசனையும் உறக்கமும் மருந்தாயின. மத்திய அரசு 2022இல் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

அன்று மாலை என் மனைவியிடம் கேட்டேன்: “நம் பிள்ளைகள் இப்படி அழுததில்லையே?”

அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: “பெரியவள் நாற்பது நாள் அழுதாள். நீங்கள் பக்கத்து அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தீர்கள். சத்தமாக இருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.”

“என்னிடம் சொல்லியிருக்கலாமே?”

“ஒரு ராத்திரி பிள்ளையைப் போட்டுவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு கிணற்றடி வரைக்கும் போனேன். கொஞ்ச நேரம் நின்றேன். அவள் மறுபடி அழுதது கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.”

முகம் கழுவத்தான் போனாளா என்று நான் கேட்கவில்லை. அது 1993ஆம் ஆண்டு. அந்தக் கிணறு தூர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவ்வாண்டில் நான் திருத்திய தாள்களில் ஒன்றாவது இன்று எனக்கு நினைவில் இல்லை.

நேயர்களே, உறங்காத குழந்தையை உடனே உறங்கவைக்கும் உபாயம் ஒன்றை நான் சொல்வேன் என்று யாரேனும் வானொலி அருகே அமர்ந்திருந்தால், அவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். அப்படி ஒன்று என்னிடம் இல்லை. குழந்தையின் உறக்கம் அதன் காலத்தில்தான் வரும். எங்கள் வீட்டில் பன்னிரண்டாவது வாரத்தில், ஓரிரவு 10 மணிக்கு உறங்கிய பேரன் 3 மணிக்குத்தான் எழுந்தான். மூச்சு வருகிறதா என்று நான் நான்கு முறை எழுந்து பார்த்ததால் என் உறக்கம் அன்றும் கெட்டது. அது வேறு கதை.

ஆனால் காலம் வரும்வரை ஒன்று செய்யலாம். குழந்தையை உறங்கவைக்க இயலாத இரவில் தாயை உறங்கவைக்கலாம். அது வீட்டிலுள்ள மற்றவர்களால் முடியும். கணவர்மாருக்கும், மாமனார், தகப்பனார், மாமியார் ஆகியோருக்கும் நான் சொல்லிக்கொள்வது இதுவே. தாய்ப்பால் கொடுப்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நம் கைகள் செய்யும்: துணி மாற்றுதல், ஏப்பம் விடச் செய்தல், நடத்தல், மடியில் வைத்திருத்தல். ஓரிரவில் நான்கு மணி நேரத்தையாவது அவளுடையதாக ஆக்குங்கள். ‘பிள்ளை ஏன் அழுகிறது?’ என்று அவளிடம் அதட்டிக் கேட்பதை விடுங்கள். அது அவளுக்கும் தெரியாது. பெரும்பாலும் பிள்ளைக்கே தெரியாது.

பிள்ளைத்தமிழின் முதற் பருவமாகிய காப்புப் பருவத்தில், குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களைப் புலவர் வேண்டுகிறார். அதுவும் மூன்றாம் திங்களில்தான். அதற்கு முந்தைய இரண்டு திங்கள் காவலை அவர் வீட்டாரிடமே விட்டுவிட்டார் என்று இப்போது நான் பொருள் கொள்கிறேன். என் மனைவியின் கைக்கட்டு அவிழ்த்தாயிற்று. பேரன் இப்போது கூடமெல்லாம் ஓடி விளையாடுகிறான். மகள் அடுத்த பிள்ளைக்கு வந்தால் கையோடு கை முறியாதபோதும் இரவுக் காவல் என்னுடையதே என்று சொல்லியிருக்கிறேன். நன்னூல் இன்னும் மறக்கவில்லை.